கற்கண்டும் உமிழ்நீர்க் கல்லும்



சிலருக்குச் சாப்பிட உட்கார்ந்து நாலு வாய் உண்பதற்குள் தாடைக்கு அடியில் ஒரு பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கும். புளிக்குழம்போ ஊறுகாயோ என்றால் வலி இன்னும் கூடும். கை கழுவி ஒன்றிரண்டு மணி நேரம் ஆனால் வீக்கம் தானே வடிந்துவிடும். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு மறுபடியும் வரும்.

இப்படி வந்தால் தோட்டத்தில் நாம் என்ன சொல்கிறோம்? சொத்தைப் பல்லின் வேலை என்கிறோம். கண்ணேறு பட்டுவிட்டது என்கிறோம். குளிருக்கு வந்த கட்டி என்று மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடுகிறோம். பொன்னுக்கு வீங்கி என்று எண்ணிக் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு விடுவதும் உண்டு. ஆனால் சாப்பிடும்போது வந்து, சாப்பிட்டபின் வடிகிற வீக்கத்துக்கு மிகப் பொதுவான காரணம் ஒரு கல். அரிசி அளவோ, உளுந்து அளவோ உள்ள ஒரு சின்னஞ்சிறு கல், எச்சில் வருகிற குழாயை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

தசையும் இரத்தமுமாக இருக்கிற உடம்பில் கல் எப்படி விளையும்? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை சொன்னவை சோதனைச்சாலைகளில் வளர்ந்த எலிகளும் பூனைகளும்தாம். அந்த வாயில்லா ஜீவன்கள் சொன்ன செய்தி என்ன, அது இந்த மலையில் வேலை செய்யும் நமக்கு எந்த வகையில் பயன்படும் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கற்கண்டு எப்படி விளைகிறது? சீனியைக் கெட்டிப் பாகாகக் காய்ச்ச வேண்டும். அந்தப் பாகில் நூலைத் தொங்கவிட வேண்டும். பிறகு பாத்திரத்தை அசைக்காமல் வைத்துவிட வேண்டும். சில நாள்களில் நூலைச் சுற்றிச் சீனி மணிமணியாகப் பூத்துக் கல்லாகிவிடும். பாகு நீர்த்திருந்தால் கற்கண்டு விளையாது. நூல் இல்லாவிட்டால் எளிதில் விளையாது. அடிக்கடி ஆட்டி, தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தாலும் விளையாது. பாகு, நூல், தேக்கம் ஆகிய மூன்றும் கூடினால்தான் கற்கண்டு. உடம்பில் விளையும் கல்லுக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்.

இப்போது எச்சிலுக்கு வருவோம். எச்சிலைச் சுரப்பதற்கு நமக்கு மூன்று இணைப் பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. காதுக்கு முன்னால் கன்னத்தில் ஓர் இணை, தாடை எலும்புக்கு அடியில் ஓர் இணை, நாக்குக்கு அடியில் ஓர் இணை. இவை ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். மிச்சமுள்ள ஒரு பங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் அதில் கரைந்திருக்கின்றன. பல்லும் இதே இரண்டு சத்துகளால் ஆனதுதான். நாம் இனிப்பு தின்னும்போது வாயில் உண்டாகும் புளிப்பு பல்லை அரிக்கிறது. அரித்த இடத்தை உமிழ்நீர் தன்னிடமுள்ள சத்தைக் கொண்டு பூசி அடைக்கிறது. ஆக, உமிழ்நீர் என்பது இயற்கையே காய்ச்சி வைத்த பாகு. பல்லுக்கு மருந்தான அதே பாகு, குழாய்க்குள் தேங்கினால் கல்லாக மாறுகிறது. உமிழ்நீர்க் கல்லை ஆராய்ந்தால், அதில் பெரும்பங்கு சுண்ணாம்பும் பாஸ்பரசும் சேர்ந்த பொருளாகவே இருக்கிறது.

பாகு நம்மிடம் எப்போதும் இருக்கிறது. அப்படியானால் எல்லாருக்கும் ஏன் கல் வருவதில்லை? நூலும் தேக்கமும் எங்கிருந்து வருகின்றன? இதை அறிய நாம் இன்னொரு தேயிலை மலைக்குப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் நீலகிரி மலையில் குன்னூர் என்று ஓர் ஊர். நம் கேமரன் மலையைப் போலவே குளிரும் மூடுபனியும் தேயிலைத் தோட்டங்களும் நிறைந்த ஊர். அங்கே பாஸ்டர் நிறுவனம் 1907இல் தொடங்கப்பட்டது. இராணுவ மருத்துவரான ராபர்ட் மெக்காரிசன் அங்கேதான் உணவு ஆராய்ச்சி நடத்தினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதையே வெள்ளெலிகளுக்குச் சமைத்துப் போட்டார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாபியர் உண்ணும் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், முளைகட்டிய பயறு, காய்கறி. இன்னொரு கூட்டத்துக்கு அந்நாளில் சென்னை மாகாணத்து ஏழைகள் உண்ட தீட்டிய அரிசிச் சோறு, கொஞ்சம் காய், சீனி போட்ட காப்பி. முதல் கூட்டத்து எலிகள் சராசரி 235 கிராம் எடைக்கு வளர்ந்தன. சென்னைச் சாப்பாட்டு எலிகள் 155 கிராமோடு நின்றுவிட்டன. நம் முன்னோர் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தபோது அவர்கள் உடம்பில் எவ்வளவு வலு இருந்திருக்கும் என்பதை இந்த எலிகள் நமக்குச் சொல்கின்றன.

அதே மெக்காரிசன் கல்லைப் பற்றியும் ஆராய்ந்தார். அக்காலத்தில் வட இந்தியாவில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக்கூட மூத்திரப்பையில் கல் விளைந்து துடித்தார்கள். ஏன் என்று கண்டறிய, பெரும்பாலும் மாவாக இருந்து பாலும் வெண்ணெயும் பச்சைக் காயும் குறைந்த உணவை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளின் மூத்திரப்பையில் கல் விளைந்தது. அதே உணவோடு போதிய பாலைச் சேர்த்தபோது கல் விளையவில்லை. சோதனைச்சாலையிலேயே கல்லை உண்டாக்கவும், உண்டாகாமல் தடுக்கவும் முடியும் என்பதை 1927இல் அவர் வெளியிட்டார். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம் பின்னாளில் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்று அதுவே இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

மாவுணவு தின்ற எலிக்குக் கல் ஏன் வந்தது? ஒரு பகுதி விடை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து வந்தது. 1925இல் வுல்பாக், ஹோவ் என்ற இரு ஆய்வாளர்கள் வைட்டமின் ஏ இல்லாத உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மூத்திரப்பையிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் உள்ளே மிருதுவாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டிய படலம், உள்ளங்காலின் தோல்போலக் காய்த்துப் போயிற்று. காய்த்த தோல் செதில் செதிலாக உதிர்ந்து குழாய்களில் அடைந்தது. அந்தச் செதில்தான் நூல்! பாகு சுற்றிப் பூப்பதற்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பிள்ளைகளின் மூத்திரப்பைக் கல்லுக்கு வைட்டமின் ஏ குறைவு ஒன்றே காரணமன்று என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. நம் அண்டை நாடான தாய்லாந்தின் வடகிழக்கில் உபோன் என்ற மாநிலம் உண்டு. அங்கே பச்சைக் குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே தாய்ப்பாலோடு பசையரிசிச் சோற்றை ஊட்டுவது அந்நாளில் வழக்கமாக இருந்தது. 1960களில் ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களுக்கே போய்ப் பார்த்தார்கள். குழந்தைகளின் மூத்திரத்தில் கல்லுக்கு முன்னோடியான மணிகள் மிகுந்திருந்தன. பாஸ்பரசுச் சத்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த மணிகள் குறைந்தன. வெறும் மாவுணவு, பால் குறைவு என்ற மட்டில் குன்னூர் எலிகள் காட்டிய திசை சரியாகவே இருந்தது. முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று கிளினிக்கில் மிஸ்ஸி சொல்வதை இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள், தாய்மார்களே.

இனி மூன்றாவது பொருளான தேக்கம். இதைக் காட்டியவை லண்டன் பூனைகள். ஹாரிசன், காரட், திரியந்தாஃபிலு ஆகிய ஆய்வாளர்கள் 1980களிலும் 1990களிலும் பூனைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நோயில்லாத பூனைகளின் சுரப்பியிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கற்கள் சில இருந்தன. நலமாக உள்ள மனிதரின் சுரப்பியிலும் அப்படிப்பட்ட நுண்கற்கள் இருப்பதைக் கண்டார்கள். அதாவது, கல்லின் விதை நம் எல்லாரிடமும் இருக்கலாம். நாம் சாப்பிடும்போதெல்லாம் பாய்ந்து வரும் எச்சில் அவற்றை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. உடம்பின் துப்புரவு அணுக்களும் சிலவற்றை விழுங்கிவிடுகின்றன.

பிறகு அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். "எச்சில் சுரக்கட்டும்" என்று மூளை சொல்லும் ஆணையைச் சுரப்பிக்குக் கொண்டு செல்ல ஒரு நரம்பு உண்டு. அந்த நரம்பை வெட்டிவிட்டார்கள். ஆணை வராத சுரப்பி வேலையின்றிச் சும்மா கிடந்தது. வேலையில்லாத அந்தச் சுரப்பியில் நுண்கற்கள் பெருகின! சுரந்தும் வெளியே போகாத பொருளிலும், அணுக்களுக்குள்ளேயே மக்கிய பொருளிலும் சுண்ணாம்பு படிந்து, அவை உருவாகியிருந்தன. 1992இல் வெளிவந்த அந்த ஆய்வின் சாரத்தை ஒரு வரியில் சொல்லலாம்: ஓடுகிற எச்சில் கழுவுகிறது, தேங்குகிற எச்சில் கல்லாகிறது.

மழைக்காலத்தில் நம் தோட்டத்து வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வேகமாக ஓடும் மட்டும் மண் தங்காது. ஓட்டம் குறைந்த இடத்தில் ஓர் இலை சிக்கும். இலையில் மணல் தங்கும். பிறகு வாய்க்காலே அடைபடும். எச்சில் குழாயிலும் இதுதான் நடக்கிறது.

அப்படியானால் கல் ஏன் தாடைக்கு அடியிலேயே அதிகம் வருகிறது? நூறு உமிழ்நீர்க் கல்லில் எண்பது, தொண்ணூறு கற்கள் அந்தச் சுரப்பியில்தான் விளைகின்றன. காரணம் மூன்று. அந்தச் சுரப்பியின் எச்சில் மற்றவற்றைவிடக் கொழகொழப்பானது. அதில் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல். அதன் குழாய் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நீளமானது. மேலும், கீழேயுள்ள சுரப்பியிலிருந்து நாக்கின் அடிக்கு அது மேல்நோக்கி ஏறிவர வேண்டும். கொழுந்துக் கூடையோடு மேடேறும் நமக்குத் தெரியாதா, ஏற்றத்தில் நடை தளரும் என்று? எச்சிலுக்கும் அப்படித்தான்.

இந்தக் கல்லைப் பொன்னுக்கு வீங்கியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது? பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வருவது. காய்ச்சலோடு காதுக்கு முன்னால் வீங்கும். சாப்பாடு முடிந்தாலும் வடியாமல் பல நாள் நிற்கும். அது ஒட்டுநோய், தடுப்பூசி அதைத் தடுக்கும். கல் பெரும்பாலும் நடுவயதுக்காரருக்கு, ஒரே பக்கத்தில், சாப்பாட்டு வேளையில் வீக்கம் கொடுக்கும். ஒட்டுநோய் அல்ல.

கல் என்று சந்தேகப்பட்டால் என்ன செய்யலாம்? தண்ணீர் நன்றாகக் குடியுங்கள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடுங்கள். சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னோக்கி மெதுவாக நீவி விடுங்கள். எலுமிச்சைத் துண்டு ஒன்றை வாயில் வைத்தால் எச்சில் வேகமாகச் சுரக்கும். சிறு கல்லாக இருந்தால் அந்த வேகத்தில் வெளியே வந்துவிடவும் கூடும். ஆனால் நாள் முழுதும் புளிப்பை வாயில் அடக்கிவைத்தால் பல் கரையும். ஊசியாலோ ஊக்காலோ நாக்கடியைக் குத்திக் கல்லை எடுக்க முயலவே கூடாது. குழாய் கிழிந்து சீழ் வைத்துவிடும்.

காய்ச்சல், தோல் சிவப்பு, வாயில் சீழ் ஆகியவை வந்தால் நாள் கடத்தாமல் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் அந்த நிமிடமே போக வேண்டும். இன்னொன்றும் முக்கியம். சாப்பாட்டோடு வராமலும் போகாமலும், வலியில்லாமல், எப்போதும் கெட்டியாக நிற்கும் கட்டி கல்லாக இல்லாமல் வேறு நோயாகவும் இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டித்தான் தீர வேண்டும். கல்தான் என்று உறுதியானால் பயப்பட ஒன்றுமில்லை. நாக்கடியில் வாய் வழியாகவே அதை எடுத்துவிடுவார்கள். 1990களிலிருந்து, கம்பிபோல் மெல்லிய குழாய்க் கருவியை எச்சில் குழாய்க்குள் செலுத்தி, உள்ளே பார்த்தபடியே கல்லைப் பிடித்து இழுக்கும் முறையும் பெரிய மருத்துவமனைகளில் வந்திருக்கிறது.

"வெற்றிலை பாக்குப் போட்டாலும் எச்சில் ஊறுகிறதே, அது நல்லதுதானே?" என்று பெரியவர்கள் கேட்கலாம். எச்சில் ஊறும், உண்மைதான். ஆனால் பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே அறிவித்திருக்கிறது. கல்லுக்குப் பயந்து புற்றை வரவழைக்க வேண்டாம். எச்சிலை ஓட வைக்கப் பெரியவர்கள் சொன்ன வழி வேறு ஒன்று உண்டு: நொறுங்கத் தின்றால் நூறு வயது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தேத்தண்ணியில் ரொட்டியை நனைத்து விழுங்கிவிட்டு ஓடாமல், நின்று மென்று பசியாறுவதுதான் சுரப்பிக்கு நல்ல வேலை.

இனி நம் மலைக்கு வருவோம். கேமரன் மலையில் வேலை செய்யும் நமக்குத் தண்ணீர் விஷயத்தில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, குளிர். ஐயாயிரம் அடி உயரத்தில் பனி மூடிய மலையில் நிற்பவருக்குத் தாகம் தெரிவதில்லை. ஆனால் கூடையையோ கொழுந்து வெட்டும் இயந்திரத்தையோ சுமந்து மேடேறும் உடம்பு, வியர்வையாகவும் மூச்சாகவும் தண்ணீரை இழந்துகொண்டேதான் இருக்கிறது. இரண்டாவது, வெளியில் சொல்லக் கூசுகிற ஒன்று. மலையில் கழிப்பிடம் இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தண்ணீர் குறைந்ததால்தான் எச்சில் கல் வந்தது என்று அறிவியல் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் சிறுநீரகக் கல் விஷயத்தில் ஐயமே இல்லை. தண்ணீர் குறைந்தால் மூத்திரம் கெட்டிப் பாகாகிறது. அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பு நோயும் வருகிறது. ஆகவே தண்ணீர் குடியுங்கள் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு நாம் சும்மா இருந்தால் போதாது. அவர்கள் வேலை செய்யும் நிரைக்கு எட்டும் தூரத்தில் கழிப்பிடம் வேண்டும். இது சலுகையன்று, உடல் நலத்துக்குத் தேவையான வசதி. வெட்கப்படாமல், ஒன்றாகச் சேர்ந்து, முறையாக நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நாட்டிலும் மொழியிலும் வேறுபட்டுப் பக்கத்து நிரையில் நிற்பவருக்கும் இதே உடம்புதான். அவருக்கும் சேர்த்துக் கேட்போம்.

ஒவ்வொருவரும் வேலைக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீரைச் சாப்பாட்டுத் தூக்கோடு கட்டிக்கொள்ளுங்கள். தாகம் வரட்டும் என்று காத்திராமல், ஒவ்வொரு முறை கொழுந்து நிறுக்கப் போகும்போதும் நாலு மிடறு குடியுங்கள். மூத்திரம் வெளிர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதும் என்று பொருள். அடர் மஞ்சளானால் போதவில்லை. இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைக் கடைப்பிடிக்க வேண்டும். சளி மாத்திரைகள் சிலவும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும் வாயை உலர்த்தும். வாய் உலர்ந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோஸ், தக்காளி, கீரை என்று நாட்டுக்கே காய்கறி அனுப்பும் மலை நம்முடையது. லாரி லாரியாக அது தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிப் போகிறது. அதே மலையில் நம் பிள்ளைகள் சிலர் பாக்கெட் மீயும் சீனித் தண்ணீரும் குடித்துப் பள்ளிக்கு வருகிறார்கள். வெறும் மாவைத் தின்ற குன்னூர் எலிகளின் கதையை இங்கேதான் நினைக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கீரை, வாரத்தில் சில நாள் முட்டை, பிள்ளைக்கு ஒரு குவளை பால், கையில் கிடைக்கும் பப்பாளி, கேரட். உள்ளே காய்க்காமல் மிருதுவாக இருக்க வேண்டிய படலத்துக்கு இவையே காவல்.

நேயர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது சாப்பிடும்போது தாடை வீங்குகிறதா என்று இன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று யாராவது சொன்னால் பற்றுப் போட்டு மறைக்க வேண்டாம். ஒரு குவளை தண்ணீர் கொடுங்கள். அடுத்த ஓய்வு நாளில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.